முழங்கை உரசும் தூரம்

பயிற்சி விமானம் ஓடுதளத்தில் மூக்கைக் குத்திக்கொண்ட மறுநாள் காலையிலிருந்து ஊரில் அத்தனை பேருக்கும் விமானம் ஓட்டத் தெரிந்துவிட்டது.

பால் கொண்டுவந்தவன் பாத்திரத்தைக் கீழே வைக்குமுன், "பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கும் அத்தை" என்றான்.

"உனக்கு அந்த நெனப்புதான் வரும். ஊத்திட்டுக் கெளம்பு" என்றாள் அத்தை.

முடி திருத்துகிறவர் சைக்கிளை நிறுத்தி, மேகம் பார்க்காமல் ஏறியிருப்பார்கள் என்றார். விபத்தன்று வானத்தில் கைக்குட்டை அளவு மேகம்கூட இல்லை. பக்கத்துத் தெருவில் ஓய்வு பெற்ற கணக்காசிரியர் மட்டும், திரும்புகிற இடத்தில் வேகம் குறைந்திருக்கும், குறைந்தால் இறக்கை காற்றைப் பிடிக்காது என்று கையை விரித்துச் சாய்த்துக் காட்டினார். காட்டும்போது அவரே சாய்ந்தார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அத்தை கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவளுக்குப் பாடம் நடத்த வந்தார்கள், அதுதான் எரிச்சல். விமானப் பயிற்சிப் பள்ளியின் அலுவலகமும் வகுப்பறையும் ஒரே கொட்டகை. நடுவில் பலகைத் தடுப்பு. புதிதாகச் சேர்ந்த மாணவர்களுக்கு அவளுடைய தம்பி நடத்துகிற முதல் பாடமே, சின்ன விமானங்கள் ஏன் விழுகின்றன என்பதுதான். தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு அவளுக்கு அது மனப்பாடம். பாதி காலியான பெட்ரோல் டேங்கில் இரவு ஈரம் இறங்கித் தண்ணீர் சேரும். குளிர்ந்த ஈரக் காற்றில் கார்பரேட்டரின் தொண்டையில் பனி கட்டும், என்ஜின் இருமி நிற்கும். பெட்ரோல் அளவு முள் காட்டுவதை நம்பி, டேங்குக்குள் குச்சி விட்டுப் பார்க்காமல் ஏறுவான் ஒருவன். கீழே விழுந்த பென்சிலை எடுக்கக் குனிந்து, நிமிர்வதற்குள் மரத்தைச் சந்திப்பான் இன்னொருவன். வீட்டில் விருந்தாளி காத்திருக்கிறார் என்று இருட்டப்போகும் வானத்தில் கிளம்புகிறவன் எல்லாரிலும் மோசம். அவனை எந்த என்ஜினும் காப்பாற்றாது.

தம்பியை மாணவர்கள் கேப்டன் என்றார்கள். ஊரும் அப்படியே சொன்னது. அவளை ஊரே அத்தை என்றது. உண்மையில் அவள் ஒரே ஒருத்திக்குத்தான் அத்தை, கேப்டனின் மகளுக்கு. தாயில்லாத பிள்ளையைத் தூக்கி வளர்த்தவள் அவள். பள்ளியின் அலுவலகம், மாணவர் சாப்பாடு, விமானம் நிறுத்தும் ஹேங்கரின் சாவி, வீட்டு அடுப்பு எல்லாம் அவள் கையில். வீடு ஹேங்கருக்குப் பின்னால், ஒரு சின்னத் தோட்டம் தாண்டினால் வாசல். அந்த வாசலைத் தாண்டி ஒரு வார்த்தை வெளியே போனதில்லை. அதுதான் அவளுடைய பெருமை.

ஹேங்கரில் விமானம் முட்டி போட்ட கழுதை மாதிரி நின்றது. முன்சக்கரம் மடிந்து உள்ளே போயிருந்தது. புரொப்பெல்லரின் இரண்டு நுனிகளும் பின்பக்கம் சுருண்டிருந்தன. தார்ப்பாய் போட்டு மூடு என்று அத்தை சொல்லியிருந்தாள். ஸ்பேனர் என்று எல்லாரும் கூப்பிடும் மெக்கானிக் அதைப் பாதி விலக்கி, வேலிக்கு வெளியே நின்றவர்களுக்கு என்ஜினைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன செய்யறே?"

"என் மானத்தைக் காப்பாத்தறேன் அத்தை. என்ஜின்ல கோளாறுன்னு பேசிக்கிறாங்க. வாங்கய்யா, வந்து பாருங்கன்னு தொறந்து வச்சுட்டேன்."

"பொண்ணு பாக்க வந்திருக்காங்களா, தொறந்து காட்ட? மூடு."

"அடியில வடிச்சுப் பாத்தேன். சொட்டுத் தண்ணி இல்ல. பெட்ரோல் கண்ணாடி மாதிரி இருக்கு. பிளக்கைக் கழட்டி…"

"நான் உன்னைக் கேட்டனா?"

"நீங்க கேக்கல. இன்னைக்கு விசாரிக்க வர்ற அதிகாரி கேப்பாங்கல்ல?"

கேட்பார்கள். அந்த நினைப்போடுதான் அத்தை காலையிலிருந்து நடமாடிக்கொண்டிருந்தாள். தரையில் புழுதிக் காற்று கிளம்பிவிட்டது. ஓடுதளத்து ஓரம், திசை காட்டும் காற்றுப் பை நிமிர்ந்து நின்று துடித்தது. வெயில் ஏறுமுன்பே ஹேங்கரின் தகரம் சடசடத்தது.

காலைச் சாப்பாட்டுக்கு எல்லாரும் ஒரே மேசையில்தான் உட்கார்ந்தார்கள். எந்தச் சண்டையானாலும் தட்டைத் தூக்கிக்கொண்டு தனியே போகக் கூடாது என்பது அத்தையின் சட்டம். நெற்றியில் பிளாஸ்திரியோடு கேப்டன் மேசையின் தலைப்பக்கத்தில். எதிரே மாப்பிள்ளை, இடது மணிக்கட்டில் கட்டு. இருவருக்கும் நடுவில் மகள். வேகவைத்த முட்டையும் ரொட்டியும் ஆறிக்கொண்டிருந்தன.

"பாப்பா, உப்பு அங்க இருக்கான்னு கேளு" என்றார் கேப்டன்.

உப்பு மாப்பிள்ளையின் தட்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. மாப்பிள்ளை அதை எடுத்து மனைவியிடம் கொடுத்தார். மனைவி அப்பாவிடம் கொடுத்தாள்.

"போதுமான்னு கேளு" என்றார் மாப்பிள்ளை.

"போதும்ங்கறாரு" என்றாள் மகள், அப்பா வாய் திறக்குமுன்.

இது இன்று நேற்று வந்ததில்லை. மாப்பிள்ளையும் விமானம் ஓட்டுகிறவர், கற்றுக்கொடுக்கிறவர். அத்தையே தேடிப் பிடித்த வரன். வந்த புதிதில் மாமாவும் மாப்பிள்ளையும் தோளில் கை போடாத குறை. ஒருநாள் வகுப்பில் மாப்பிள்ளை மாணவர்களிடம், "பழைய ஆளுங்க சில பேரு தரை வர்றதுக்குள்ள மூக்கைத் தூக்கிடுவாங்க. அதைப் பாத்துக் கத்துக்காதீங்க" என்றார். பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் அக்காவோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார் கேப்டன். கோப்பையைக் கீழே வைத்தார். மறுநாள் அதே மாணவர்களிடம், "புது ஆளுங்க சில பேரு வாயாலேயே பறப்பாங்க. அவங்களுக்கு விமானம் வேண்டியதில்ல" என்றார். தடுப்புக்கு மறுபக்கம் மாப்பிள்ளை இருந்தார்.

அவ்வளவுதான். ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. யாரும் வீட்டை விட்டுப் போகவில்லை. பேச்சு மட்டும் நின்றது. எல்லாம் பாப்பா வழியாக. மகள் பள்ளியின் ரேடியோ அறையில் வேலை செய்தாள். வானத்தில் இருக்கும் விமானங்களோடு பேசி, யார் எங்கே, யார் முதலில் இறங்குவது என்று ஒழுங்குபடுத்துவது அவள் வேலை. ஆகவே வானத்திலும் பேச்சு அவள் வழியாகத்தான். ரேடியோவில் அவளுக்குத் 'திடல்' என்று பெயர். இருவரும் ஒன்றாக ஏற நேர்ந்தால், முழங்கை உரச உட்கார்ந்துகொண்டு, கேப்டன் ரேடியோவை அழுத்தி, "திடல், கூட வர்றவரை வேகத்தைப் பாக்கச் சொல்லு" என்பார். ஒரே கம்பியில் மாட்டிய ஹெட்செட். மாப்பிள்ளைக்கு அது காதில் விழும். ஆனாலும் கீழேயிருந்து மனைவி, "வேகத்தைப் பாக்கச் சொல்றாரு" என்று சொல்லும்வரை அவர் முள்ளைப் பார்க்க மாட்டார்.

மாணவர்கள் இதை ஒழுக்கம் என்று நினைத்தார்கள். "கேப்டன் எவ்வளவு முறையா ஒவ்வொண்ணையும் திடலுக்குச் சொல்றார் பாருங்க" என்று வியந்தார்கள். அத்தையும் மறுக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். வானத்தில் மறைக்கலாம் என்று அவள் கண்டுபிடித்திருந்தாள்.

வயதானவர்கள் தொடர்ந்து பறக்க, ஒரு இன்ஸ்ட்ரக்டரைப் பக்கத்தில் வைத்து ஓட்டிக் காட்ட வேண்டும். கேப்டனைத் தவிர அங்கே அந்தத் தகுதி இருந்தவர் மாப்பிள்ளை ஒருவர்தான். வேறு திடலுக்குப் போய் யாரோ ஒரு பையனிடம் ஓட்டிக் காட்டுவது மானக்கேடு என்று கேப்டன் மறுத்துவிட்டார். நேற்று இருவரும் ஏறினார்கள். இறங்கும்போது இப்படி.

"இன்னைக்கு அந்த அதிகாரியம்மா வருவாங்க" என்றாள் அத்தை. "என்ன சொல்லப் போறீங்க ரெண்டு பேரும்? எனக்கு முதல்ல தெரியணும். தம்பி, நீ சொல்லு."

"நடந்ததைச் சொல்றேன். சூரியன் நேரா கண்ணுல அடிச்சுது. கண்ணுல தண்ணி கட்டி ஓடுதளம் தெரியல. ரேடியோவுல சொன்னேன், வண்டியை அவரை எடுத்துக்கச் சொல்லுன்னு. சொல்லிட்டுக் கையை எடுத்துட்டேன். பதில் வரல. ரேடியோ கோளாறு."

"மாப்பிள்ளை?"

"ரேடியோவுல எனக்கு ஒண்ணும் வரல. அதனால வண்டி அவர் கையிலதான் இருக்குன்னு இருந்தேன். ரேடியோ கோளாறுதான்."

அத்தைக்குக் கொஞ்சம் நிம்மதி. மாமாவும் மாப்பிள்ளையும் ஒரே வார்த்தையில் நின்று எவ்வளவு காலம் ஆயிற்று! "ரெண்டு பேரும் அதையே சொல்லுங்க. பெட்டி மேல பழி போட்டா பெட்டி அழவா போகுது? யாருக்கும் கெட்ட பேரு இல்ல. முட்டையைச் சாப்பிடுங்க."

மகள் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தாள்.

"பெட்டிக்குள்ள யாரு உக்காந்திருக்கா?" என்றாள்.

"என்ன பாப்பா?"

"ரேடியோ நல்லா இருக்கு அத்தை. காலையில ஸ்பேனர் அண்ணன் வந்து போட்டுப் பாத்துட்டாரு. அப்பா பேசுன அதே நேரத்துல இன்னொரு வண்டியில இருந்த மாணவன் தான் எங்க இருக்கேன்னு சொல்லிக்கிட்டிருந்தான். ரெண்டு பேரு ஒண்ணா அழுத்தினா கீச்சுன்னு ஒரு சத்தம்தான் எனக்கு வரும். ஒரு எழுத்துகூடப் புரியாது. 'யாரு பேசினது, திருப்பிச் சொல்லுங்க'ன்னு நான் கேக்கறதுக்குள்ள புழுதி கெளம்பிடுச்சு. அப்ப ரேடியோ கோளாறுன்னா அந்தம்மா என்ன எழுதுவாங்க? ரேடியோவுல இருந்தவ கோட்டை விட்டான்னு எழுதுவாங்க. என் அனுமதியைப் பிடுங்கிட்டுப் போவாங்க."

கேப்டன் முட்டையை உரித்தார். மாப்பிள்ளை ஏற்கெனவே உரித்த முட்டையில் ஓடு தேடினார்.

"அப்பா சொன்னது உங்க காதுல விழுந்துச்சா இல்லையா?" என்று கணவனைக் கேட்டாள். "என்கிட்ட சொல்லுங்க. யாருக்கும் சொல்லிவிட மாட்டேன்."

"விழுந்துச்சு" என்றார் மாப்பிள்ளை. "ஆனா என்கிட்ட சொல்லலையே. திடல்கிட்டதானே சொன்னாரு? திடல் சொல்லட்டும்னு இருந்தேன்."

அத்தை தலையில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கினாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள். அடித்தால் அது தீராது.

"நல்லா இருக்கு" என்றாள் மகள். எழுந்தாள். "ஒருத்தர் சொன்னேன்னு கையை விட்டாரு. ஒருத்தர் சொல்லலைன்னு கையைக் கட்டினாரு. நடுவுல நான் ரேடியோ. உப்புக்கும் நான், வேகத்துக்கும் நான், இப்ப பழிக்கும் நான். இனிமே யாரும் என் வழியாப் பேசாதீங்க. தண்ணி வேணும்னாலும் பேசாதீங்க."

"பாப்பா, சாப்பிட்டுப் போ…"

"வேண்டாம் அத்தை."

அறைக் கதவு சாத்தப்பட்டது. அறைந்துகூடச் சாத்தவில்லை. மெதுவாகத்தான் சாத்தினாள். அது அத்தையை இன்னும் வதைத்தது.

மேசையில் இரண்டு ஆண்களும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். கேப்டனுக்குத் தேநீர் வேண்டும், கெண்டி மாப்பிள்ளைக்குப் பக்கத்தில். அவர் மகள் இருந்த நாற்காலியைப் பார்த்தார். பிறகு எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, தானே ஊற்றிக்கொண்டு, திரும்பச் சுற்றிப் போய் உட்கார்ந்தார்.

"அட கடவுளே, ரெண்டு பேரையும் பெத்தவங்க இருந்திருக்கணும் இப்ப" என்றாள் அத்தை.

விசாரணை அதிகாரி உச்சி வெயிலில் வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி. நடந்து நடந்து தேய்ந்த காலணி, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. தேநீர் வேண்டாம் என்றார், தண்ணீர் மட்டும் குடித்தார். நேராக ஓடுதளத்துக்குப் போய், புரொப்பெல்லர் தாரைக் கொத்திய இடங்களைக் குனிந்து பார்த்தார். அத்தையும் பின்னால் போனாள். புழுதி வாயில் அடித்தது. பிறகு ஹேங்கரில் ஸ்பேனர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்ஜின் ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு மேடம். நுனி எப்படிச் சுருண்டிருக்கு பாருங்க. நின்னுபோன என்ஜினா இருந்தா இப்படியா சுருளும்?"

"தெரியுது."

"பெட்ரோல்ல தண்ணி…"

"பாத்தேன். இல்ல."

"கார்பரேட்டர்ல பனி கட்ட வாய்ப்பே…"

"இந்த வெயில்லயா? உங்க மேல ஒண்ணும் இல்லய்யா, நிம்மதியா இருங்க."

ஸ்பேனருக்கு நிம்மதி வந்தது. யாரும் சொல்லாமலேயே அலுவலக வாசலில் போய் உட்கார்ந்து, துணியால் கையைத் துடைக்கத் தொடங்கினார். ஆனால் கிளம்பவில்லை.

அலுவலக அறையில் நாற்காலிகள் போடப்பட்டன. கேப்டன் விறைப்பாக உட்கார்ந்தார். மாப்பிள்ளை ஜன்னலோரம். அத்தை தன் மேசைக்குப் பின்னால், தன் இடத்தில், முதுகு நாற்காலியில் படாமல். அப்படித்தான் அவள் எப்போதும் உட்காருவாள்.

"திரும்பும்போது வேகம் குறைஞ்சுதா?"

"இல்ல" என்றார் கேப்டன்.

"இல்ல" என்றார் மாப்பிள்ளை.

"காத்து பக்கவாட்டுல தள்ளுச்சா?"

"தள்ளுச்சு. சமாளிக்கிற அளவுதான்."

"நாய், மாடு, பறவை ஏதாவது குறுக்க?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப நல்ல வண்டி, நல்ல வானம், ரெண்டு தேர்ந்த கை. தரைக்கு வர்ற வரைக்கும் எல்லாம் சரியா இருக்கு. அப்புறம் மூக்கைத் தூக்க ஆளே இல்லாத மாதிரி நேரா போய்க் குத்தியிருக்கு." அதிகாரி கண்ணாடியை மாட்டினார். "கடைசியில வண்டி யார் கையில இருந்துச்சு?"

"நான் ஒப்படைச்சுட்டேன்" என்றார் கேப்டன்.

"எனக்கு வந்து சேரல" என்றார் மாப்பிள்ளை.

"பக்கத்துல உக்காந்திருக்கிறவருக்கு எப்படி வந்து சேராமப் போகும்?"

"ரேடியோவுல…" என்று இருவரும் ஒரே நேரத்தில் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள்.

அதிகாரி ஒருவரையும் மற்றவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "பக்கத்துல இருக்கிறவர்கிட்ட பேச எதுக்கு ரேடியோ? ஹெட்செட் வேலை செய்யலையா?"

"நல்லா வேலை செய்யுது மேடம்!" என்று வாசலிலிருந்து ஸ்பேனர் கத்தினார். "நானே போட்டுப் பாத்தேன்."

"எங்க பள்ளியில எல்லாத்தையும் திடலுக்குச் சொல்லித்தான் செய்யறது" என்றார் கேப்டன். "அது எங்க முறை."

"சரி. அப்படின்னா நீங்க திடலுக்குச் சொன்னீங்க. திடல் அதை வாங்கல, பதிலும் சொல்லல. அதனால இவர் எடுத்துக்கல. அப்படித்தானே ரெண்டு பேரும் சொல்றீங்க?"

அதிகாரி கையிலிருந்த குறிப்பேட்டில் ஒரு தாளைத் திருப்பினார்.

"ரேடியோவுல இருந்தது யாரு?"

"என் மக" என்றார் கேப்டன்.

"என் மனைவி" என்றார் மாப்பிள்ளை.

"அவங்களைக் கூப்பிடுங்க."

"அவளுக்கு உடம்புக்கு முடியல" என்றாள் அத்தை.

"அப்ப நாளைக்கு என் ஆபீசுக்கு வரட்டும். அதுவரைக்கும் அவங்க ரேடியோவுல உக்காரக் கூடாது. வேற வழி இல்லம்மா. மத்த எல்லாம் சரியா இருந்து ஒரு இடத்துல மட்டும் ஓட்டை இருந்தா, அந்த இடத்தைத்தான் நான் எழுதணும்."

அதிகாரி பேனாவைத் திறந்தார்.

அத்தை தம்பியைப் பார்த்தாள். இப்போது சொல்லுவான் என்று காத்தாள். கேப்டன் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் ஜன்னலுக்கு வெளியே காற்றுப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் பேசினால் மற்றவர் ஜெயித்ததாகிவிடும். அதற்காக ஒரு பெண்ணின் தலையைக் கொடுக்கத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள், அவளைப் பெற்றவரும் கட்டினவரும். கோபம்கூட வரவில்லை அவளுக்கு. பல்லுக்குள் மணல் நெறிபடுகிற மாதிரி ஒரு சலிப்பு.

இந்த வீட்டு விஷயம் வாசல் தாண்டாது. தாண்டினால் நாளைக் காலை பால்காரனிலிருந்து கணக்காசிரியர்வரை வாயில் போட்டு மெல்லுவார்கள். வாசலிலேயே ஸ்பேனர் காதை இவ்வளவு நீட்டிக்கொண்டு நிற்கிறார். மாமாவும் மாப்பிள்ளையும் பேசாத வீடு என்று ஒரு பெயர் வந்தால், அது போகாது. ஆனால் வானத்தில் கவனம் இல்லாதவள் என்று அந்தப் பிள்ளைக்கு ஒரு பெயர் வந்தால்? அவள் ரேடியோ முன் உட்கார்ந்தால் தண்ணீர் குடிக்கக்கூடத் தலையைத் திருப்பாதவள்.

அத்தை எழுந்து நின்றாள்.

"எழுதாதீங்க மேடம். இவங்க சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேன். இவங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதில்ல."

"விமானத்துலயா?"

"எங்கயுமே. வீட்டுல ஒருத்தருக்கு உப்பு வேணும்னா அந்தப் பொண்ணுகிட்ட சொல்லணும். வானத்துல ஏறினா அவளைத்தான் ரேடியோவுல கூப்பிடணும். பள்ளிக்கூட முறையும் இல்ல, ஒண்ணும் இல்ல. வீம்பு."

"அக்கா!" என்றார் கேப்டன்.

"நீ சும்மா இரு. உனக்குப் பேசத்தான் நேரம் குடுத்தேன், பேசல." அதிகாரி பக்கம் திரும்பினாள். "என் தம்பி திடலைக் கூப்பிட்டுச் சொன்னாரு மேடம். அந்த நேரம் இன்னொரு மாணவனும் பேசினதால கீழ கேக்கல. அது அவ தப்பில்ல, யாருக்கும் நடக்கும். ஆனா அவரு சொன்னது பக்கத்துல இருந்தவருக்குக் கேட்டுச்சு. காதுல விழுந்துச்சு. என்கிட்ட சொல்லலைன்னு கை கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு. நானும் தெரிஞ்சேதான் இருந்தேன் மேடம். மூடி வச்சேன். வீட்டு மானம்னு நெனச்சேன்."

அதிகாரி பேனாவை மூடிக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ரொம்ப வருஷமா இந்த வேலை பாக்கறேன்" என்றார். "தண்ணி கலந்ததை எழுதியிருக்கேன். பெட்ரோல் தீர்ந்ததை எழுதியிருக்கேன். காதலிக்குக் கைகாட்டப் போய் மரத்துல மாட்டினவனைப் பத்திக்கூட எழுதியிருக்கேன். இதை எந்த வகையில எழுதறது?" கேப்டன் பக்கம் திரும்பினார். "சார், உங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி. 'நீங்க எடுத்துக்கங்க'ன்னு இவர்கிட்ட சொன்னீங்களா?"

"சொல்ல வேண்டிய இடத்துல சொன்னேன்."

"அது என்கிட்ட இல்ல" என்றார் மாப்பிள்ளை ஜன்னலைப் பார்த்தபடி.

"காது இருந்துச்சுல்ல?" என்றார் கேப்டன்.

சொன்ன பிறகுதான், யாரிடம் சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. வாயை மூடிக்கொள்ளப் பார்த்தார். ஆனால் மாப்பிள்ளை திரும்பிவிட்டார்.

"இருந்துச்சு மாமா. விழுந்துச்சு. நீங்க சொன்ன உடனே கையை விடுவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? யாரு வாங்கிக்கிட்டாங்கன்னு பாக்காம கையை விடக் கூடாதுன்னு நீங்கதானே வகுப்புல கத்துவீங்க?"

"அப்ப விழறதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்களா? என் வண்டி! நான் வயித்தைக் கட்டி வாங்கின வண்டி!"

"வண்டியை யாரு பாத்தா? மூக்கு தொங்குறப்ப உங்களைத்தான் பாத்தேன். உங்க கை ரெண்டும் மடியில கெடக்கு. உங்களுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன். மயக்கமா, நெஞ்சு வலியான்னு… 'மாமா'ன்னு கூப்பிட வாயைத் தொறந்தேன். வரல. பழக்கம் விட்டுப்போச்சு. அதுக்குள்ள தரை வந்துடுச்சு."

"கூப்பிட வேண்டியதுதானே! கூப்பிட்டா கிரீடம் எறங்கிடுமா?"

"உங்களுக்கு எறங்கலையா? பெல்ட்டைக் கழட்டி உங்களை வெளிய இழுத்தேனே, தோள்ல கை போட்டுத் தூக்கினேனே, அப்பவாவது வலிக்குதுன்னு ஒரு வார்த்தை என்கிட்ட சொன்னீங்களா? ஓடிவந்த உங்க மககிட்டதான் சொன்னீங்க. நெத்தியில ரத்தம் ஊத்துது, அப்பவும்!"

"வகுப்புல அத்தனை பசங்க முன்னாடி என் இறக்கத்தைப் பழிச்சது யாரு?"

"பழைய ஆளுங்கன்னுதான் சொன்னேன். உங்க பேரைச் சொன்னேனா?"

"இங்க வேற எந்தப் பழைய ஆளு இருக்கான், ஸ்பேனரா?"

"என்னை எதுக்கு இழுக்கறீங்க?" என்றார் வாசலில் ஸ்பேனர்.

அதிகாரி ஏதோ சொல்லக் கையை உயர்த்தினார். அத்தை அவர் முழங்கையைத் தொட்டாள்.

"கொஞ்சம் இருங்க மேடம். குறுக்க பேசாதீங்க. பேசட்டும்."

மாணவர்கள் ஹேங்கர் பக்கமிருந்து வந்து ஜன்னலில் முகம் வைத்திருந்தார்கள். வேறு நாளாக இருந்தால் ஒரு அதட்டலில் ஓடியிருப்பார்கள். அத்தை பார்த்தாள், விட்டுவிட்டாள். போனது போனதுதான், இனிமேல் ஜன்னலை மூடி என்ன?

அதிகாரி எழுதவேண்டியதை எழுதினார். இரண்டு பேரும் வெளி ஆள் ஒருவரிடம் மறுபடி ஓட்டிக் காட்டித் தேறும்வரை பறக்கக் கூடாது. தேர்வில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் உட்கார வேண்டும், ரேடியோ இல்லாமல் பேச வேண்டும். பள்ளி அதுவரை மூடியிருக்கும். இரண்டு லைசென்ஸையும் பையில் போட்டுக்கொண்டார். ரேடியோவில் இருந்தவரைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை என்று தனியாக ஒருமுறை அத்தையிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். கிளம்பும்போதும் உள்ளே சத்தம் ஓயவில்லை. முன்சக்கரத்திலிருந்து தொடங்கி, கல்யாணத்தன்று யார் யாரை வாசலில் வந்து கூப்பிடவில்லை என்பதுவரை போய்விட்டிருந்தது.

அத்தை தோட்டத்தைக் கடந்து வீட்டுக்குப் போனாள். பள்ளி மூடல். மாணவர்கள் வேறு இடம் தேடுவார்கள். ஊர் சிரிக்கும். நடையைத் தளரவிடாமல் நடந்தாள். தட்டில் ரொட்டியும் முட்டையும் எடுத்துக்கொண்டு அறைக் கதவைத் தள்ளினாள். மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"எழுந்திரு. சாப்பிடு."

"என்ன எழுதினாங்க?"

"உன் மேல ஒண்ணும் இல்ல. ரெண்டு பேரு லைசென்ஸையும் வாங்கிட்டுப் போயிட்டாங்க."

மகள் திரும்பினாள். "யாரு சொன்னா?"

"நான்தான் சொன்னேன். எல்லாத்தையும்."

"நீங்களா அத்தை?"

"ஆமா. வேற யாரு சொல்றது? அவங்க ரெண்டு பேரும் அங்க கத்திக்கிட்டிருக்காங்க."

"கத்தறாங்களா? யார்கிட்ட?"

"ஒருத்தர்கிட்ட ஒருத்தர்."

மகள் எழுந்து உட்கார்ந்தாள். காது கொடுத்தாள். காற்று இந்தப் பக்கம் அடித்தது. தகரச் சத்தத்துக்கு நடுவே, ஹேங்கர் தாண்டி, இரண்டு குரல்களும் வந்தன. மாமா என்று ஒன்று, மாப்பிள்ளை என்று ஒன்று. அடுத்தடுத்து, இடையில் யாரும் இல்லாமல்.

"போய் நிறுத்தட்டுமா?" என்றாள் அத்தை. "தொண்டை கட்டிக்கும் ரெண்டு பேருக்கும்."

"வேணாம் அத்தை" என்று தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள் மகள். "நான் சாப்பிட்டு முடிக்கிறவரைக்குமாவது விடுங்க."